ஹட்டனா, நுவரெலியாவா?

இலங்கை மலையகத்தின் இந்த இரண்டு ஊரிலும் குடியிருந்திருக்கிறேன். அழகென்றால் நுவரெலியாதான்: 1,868 மீற்றர் உயரம், கிறகரி வாவி, செங்கல் தபாலகம். ஆனால் ஏப்ரல் சீசனில் அறை வாடகை கேட்டாலே காய்ச்சல் வரும். ரயிலுக்கு நானுஓயா வரை இறங்கவும் வேண்டும்.

ஹட்டனில் ஸ்டேஷன் டவுனுக்குள்ளேயே. டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி நாள்) மே மாத வெசாக் போயா வரை சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகிற சனம் நள்ளிரவிலும் வந்திறங்கும். தலையில் துவாய் சுற்றிய கிழவிகள், கையில் டோர்ச். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் சுடச்சுட ரொட்டி, கட்டச் சம்பல், பிளேன்டீ. கிளாஸைப் பிடித்தாலே விரல் விறைப்பு விட்டுவிடும். சம்பளம் போட்ட ஞாயிறென்றால் ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது. "என்னண்ணே, ஆளையே காணோம்?" என்று யாராவது தோளைத் தட்டுவார்கள். நுவரெலியாவில் ஒரு வருஷம் இருந்தும் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.