எந்த மீனாட்சிசுந்தரம்? கும்பகோணத்தில் ஒரு பழைய புத்தகக் கடை

கும்பகோணம் மகாமகக் குளத்துக்கு வடக்கே, காசி விஸ்வநாதர் கோயில் பக்கத்துச் சந்து ஒன்றில், ஒரு வீட்டின் மாடியில் இயங்குகிற பழைய புத்தகக் கடை இது. பெயர்ப்பலகை கிடையாது. கோயில் வாசல் பூக்காரம்மாவிடம் கேட்டால் வழி சொல்வார். 5க்கு 4.5 கொடுக்கிறேன். அந்த அரை மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பழைய புத்தகக் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. இந்தக் கடைக்கு மட்டும் ஒரு தனிக்குணம். நீங்கள் ஒரு பெயரைச் சொன்னால் கடைக்காரர் உடனே அலமாரிப் பக்கம் போக மாட்டார். "எந்த மீனாட்சிசுந்தரம், டீச்சர்? புராணமா, சலங்கையா, தவிலா, மதுரையா?" என்று கேட்பார். முதல் தடவை அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை வருடமாக யாராவது என்னிடம் இப்படிக் கேட்க மாட்டார்களா என்று இருந்தவள் நான்.

நான் மயிலாடுதுறையில் பரதநாட்டியம் கற்றுக்கொடுக்கிறேன். பந்தநல்லூர் பாணி. எங்களுக்கு மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்றால் பந்தநல்லூர்க்காரர்தான். 1869இல் பிறந்து 1954இல் மறைந்த நட்டுவனார். சரபோஜி காலத்துத் தஞ்சை நால்வர் (சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு) வழி வந்தவர். ருக்மிணி தேவி, ராம் கோபால், மிருணாளினி சாராபாய், சாந்தா ராவ் என்று நாட்டியம் கற்க அவரிடம் வந்தவர்களின் பெயர்களைச் சொன்னாலே இருபதாம் நூற்றாண்டு பரதநாட்டியத்தின் பெரும்பகுதி வந்துவிடும். ஆனால் எந்தக் கடையில் போய் "மீனாட்சிசுந்தரம் பிள்ளை பற்றி ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டாலும், என் கையில் வந்து சேருவது திருவாவடுதுறை மகாவித்துவான்தான்.

மகாவித்துவான் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1815இல் திருச்சிராப்பள்ளிப் பக்கம் பிறந்து, தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களுமாக எழுதிக் குவித்து, 1876இல் மறைந்த பெரும்புலவர். உ.வே.சாமிநாதையருக்கு ஆசிரியர். வேங்கடராமன் என்ற பையனைச் சாமிநாதன் ஆக்கியவரே அவர்தான். அந்த மாணவர் பின்னாளில் தம் ஆசிரியரின் வாழ்க்கையை இரண்டு பாகமாக எழுதி வைத்தார். அப்படி எழுத ஒரு மாணவர் கிடைத்ததால்தான் மகாவித்துவானைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறது. நட்டுவனாரின் மாணவிகள் அவரை உடம்பில் தூக்கிக்கொண்டு போனார்கள். அடவிலும் அரைமண்டியிலும் அவர் இருக்கிறார், புத்தக அலமாரியில் அவ்வளவாக இல்லை. அதனால்தான் பெயர் கலந்துபோனால் எப்போதும் நஷ்டப்படுகிறவர் இவராக இருக்கிறார்.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். என் மாணவி ஒருத்தியின் அரங்கேற்றத்துக்குச் சிறு மலர் ஒன்று போட்டோம். வடிவமைத்த நிறுவனம் நான் எழுதிக் கொடுத்த குருபரம்பரைப் பக்கத்தை "அழகுபடுத்துகிறோம்" என்று எங்கிருந்தோ தகவல் சேர்த்துவிட்டது. 1815இல் பிறந்த ஆதீன வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ருக்மிணி தேவிக்கு நாட்டியம் கற்றுத் தந்தார், அந்த அம்மையார் 1935இல் அடையாறு பிரம்மஞான சபையில் ஆடினார் என்று அச்சாகி வந்தது. வருடத்தைக் கூட்டிப் பார்த்தாலே தெரியும். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. மேடையில் ஏறப்போகிற பெண்ணின் கையில் அவளுடைய குருவழியே தப்பாக அச்சாகி இருந்தது. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். கடைக்காரர் அந்தக் காலத்தில் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். எழுபதைத் தாண்டியவர். எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுகிறோம். பழைய நாள்காட்டி அட்டைகளைக் கத்தரித்து, ஒவ்வொரு தட்டிலும் புத்தகங்களுக்கு நடுவே செருகியிருக்கிறார். ஒரே பெயர்க்காரர்கள் எங்கே பிரிகிறார்களோ அங்கே ஓர் அட்டை நிற்கும். அதில் பெயர், ஊர், காலம், தொழில், தெரிந்தால் தகப்பனார் பெயர். அவ்வளவுதான். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

மீனாட்சிசுந்தரம் தட்டில் நான்கு அட்டைகள். மகாவித்துவான், பந்தநல்லூரார், நீடாமங்கலத்துத் தவில் மேதை, அப்புறம் தெ.பொ.மீ. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்துக்குத் தவில் வாசித்தவர். என் தாத்தா தலைமுறை அவர் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும். தெ.பொ.மீ. சென்னைக்காரர், 1901இல் பிறந்தவர், மொழியியல் அறிஞர், மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். "மதுரையா?" என்ற கேள்வி இவருக்காக. இவர் தம் பெயரை மீனாட்சிசுந்தரன் என்று எழுதியவர், ஆனால் பாதிப் புத்தகங்களின் மேலட்டையில் 'ம்' போட்டுத்தான் அச்சாகியிருக்கிறது என்று ஐயா இரண்டு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அச்சுக்கோத்தவர் கண் அல்லவா!

இந்த நால்வரில் மூவர் இந்த வட்டாரத்தோடு ஒட்டியவர்கள். பந்தநல்லூர், நீடாமங்கலம், திருவாவடுதுறை மூன்றுமே கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய ஊர்கள். வேறு எங்கே கலந்தாலும் இந்த ஊரில் இவர்கள் கலக்கக் கூடாது என்பது ஐயாவின் பிடிவாதம். எனக்கும் அப்படித்தான்.

கும்பகோணத்துக் கடையில் ராமானுஜன் தட்டு இல்லாமல் இருக்குமா? வெளியூர்க்காரர்கள் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணித மேதையின் வீட்டைப் பார்த்துவிட்டு, இங்கே வந்து "ராமானுஜன் புத்தகம்" கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். சீனிவாச ராமானுஜன் 1887இல் பிறந்து 1920இல் 32 வயதில் போனவர். அவருக்கு அடுத்த அட்டை சி.பி.ராமானுஜம். அவரும் கணிதம்தான், அவரும் தமிழர்தான். 1938இல் சென்னையில் பிறந்து, பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இயற்கணித வடிவியல் செய்து, 1974இல் 36 வயதில் இறந்தவர். கொடைரா என்ற ஜப்பானியக் கணித அறிஞரின் பெயரோடு இவர் பெயரும் சேர்ந்த தேற்றம் ஒன்று இன்றும் வழக்கில் இருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்ததும் பெரியவர் கணக்கில் வரவு வைத்துவிடுகிறார்கள், பாவம். இந்த மனிதருக்கு ஒரு நாள்காட்டி அட்டையாவது தனியாக நிற்கிறது என்பதற்காகவே இந்தக் கடைக்குப் போகலாம். மூன்றாவது, மைசூரில் 1929இல் பிறந்து சிகாகோவில் பேராசிரியராக இருந்து, சங்கப் பாட்டை ஆங்கிலத்தில் கொண்டுபோன ஏ.கே.ராமானுஜன். ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் எதிர்ச் சுவரில், வைணவத் தட்டில் இருக்கிறார்.

சைவத் தட்டு இன்னும் சிக்கல். பதினொன்றாம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார், கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார், கல்லாடதேவ நாயனார் என்று சங்கப் புலவர்களின் பெயர்கள் அப்படியே வரிசையாக மறுபடி வருகின்றன. ஐயா நான்கு பெயருக்கும் எட்டு அட்டை வைத்திருக்கிறார். திருமுருகாற்றுப்படை மட்டும் பத்துப்பாட்டிலும் இருக்கிறது, பதினொன்றாம் திருமுறையிலும் இருக்கிறது. அதை இரண்டு நக்கீரர் அட்டைகளுக்கும் நடுவில், யார் பக்கமும் சாயாமல் நிறுத்தி வைத்திருக்கிறார். எனக்குக் கடையிலேயே ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

இப்போது குறைகள்.

முதலாவது, ஔவையார் தட்டு. மூன்று அட்டைகள், மூன்றும் மையில். அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவை ஒருவர், ஆத்திசூடி எழுதிய ஔவை வேறொருவர் என்பதில் சந்தேகம் இல்லை. இடையே ஆயிரம் வருடத்துக்குக் கிட்டே போயிருக்கிறது. ஆனால் மொத்தம் எத்தனை ஔவை என்பதில் அறிஞர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். அங்கே பென்சிலால் எழுதியிருக்கலாம் என்பது என் எண்ணம். பட்டினத்தார் அட்டைக்கும் இதையே சொல்வேன். அதே சமயம், சங்க ஔவை அட்டையில் அவர் சேர்த்திருக்கும் ஒரு வரிக்கு முழு மதிப்பெண்: "கிழவி என்பதற்கு ஆதாரம் இல்லை." புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் எதிரி வேந்தன் அவளை மை தீட்டிய கண்ணும் ஒளி நெற்றியும் உள்ள விறலி என்று விளித்துக் கேட்கிறான். சென்னைக் கடற்கரையில் 1968இல் வைத்த சிலையில் கோல் ஊன்றிய மூதாட்டியைப் பார்த்துப் பார்த்து, அந்த இளம் விறலியை நாம் தொலைத்துவிட்டோம். ஆடுகிறவள் என்ற முறையில் எனக்கு இது முக்கியம். விறலி எங்கள் தொழிலுக்காரி.

இரண்டாவது குறை பெரியது. அரை மதிப்பெண் போனது இதற்குத்தான். ஔவையை விட்டால் கடையில் பெண்களுக்கு இப்படிப் பிரித்த அட்டை கிடையாது. சுப்புலட்சுமி என்று கேட்டால் எம்.எஸ். மட்டும்தான் இருந்தார். 1916இல் மதுரையில் பிறந்த எம்.எஸ்.ஸை யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் அவருக்கு 30 வருடம் முன்னால் பிறந்த சகோதரி சுப்பலட்சுமி எங்கே? சிறுவயதிலேயே விதவையாகி, படித்து, 1911இல் பட்டம் வாங்கி, தன்னைப் போன்ற சிறுமிகளுக்கு விடுதியும் பள்ளியும் நடத்தியவர். கடற்கரை ஐஸ் ஹவுஸில் அந்தப் பெண்கள் தங்கிப் படித்தார்கள். அவரைப் பற்றிய மெல்லிய புத்தகம் ஒன்று எம்.எஸ். புத்தகங்களுக்கு நடுவே செருகிக் கிடந்தது. ஐயாவிடம் எடுத்துக் காட்டி, "இவங்க பாடகி இல்லைங்க ஐயா" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே பத்து நிமிடம் படித்தார். நான் அடுத்த முறை போனபோது அட்டை தயாராக இருந்தது. அது நல்லது, ஆனால் ஒன்று போதாது. கோயில்களிலும் அரண்மனைகளிலும் ஆடிய பெண்கள் எத்தனையோ பேர் ஊர்ப்பெயரும் ஒரு சின்னப் பெயருமாக நிற்கிறார்கள். அவர்களைப் பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். நானும் தெரிந்ததை எழுதிக் கொடுத்து வருகிறேன்.

மற்றவை சின்னச் சின்ன அசௌகரியங்கள். படிக்கட்டு செங்குத்து, முட்டி வலி இருப்பவர்கள் கீழேயே நின்று குரல் கொடுத்தால் ஐயாவின் மருமகள் புத்தகத்தை இறக்கித் தருவார். தூசி நிறைய. உட்கார ஒரே ஒரு முக்காலி. பில் தர மாட்டார்கள், புத்தகம் திருப்பி எடுக்க மாட்டார்கள். பைண்டு உடைந்த புத்தகத்தில் உள்ளே பக்கங்கள் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே புரட்டிப் பார்த்துவிடுங்கள். விலை பின் அட்டையில் பென்சிலில் இருக்கும், பேரம் பேசினால் அவர் முகம் வாடிவிடும். நான் வாங்கியவை 80 ரூபாயிலிருந்து 450 ரூபாய்க்குள். ஜிபே உண்டு.

வெளியூர்க்காரர்கள் மருமகளின் வாட்ஸாப்பில் கேட்கலாம், எண் கடையில் கொடுப்பார்கள். கேட்கும்போது வெறும் பெயரை மட்டும் அனுப்பாதீர்கள். ஊர், காலம், தொழில் மூன்றில் ஏதாவது இரண்டைச் சேர்த்து அனுப்பினால் அன்றைக்கே பதில் வருகிறது. இல்லாவிட்டால் திரும்பக் கேள்விதான் வரும். அட்டைகளில் எழுதியதெல்லாம் ஒரு நீளக் கணக்கு நோட்டிலும் இருக்கிறது. அதை ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். மழை நாளில் அந்த மாடி ஓரத்தில் ஒழுகுகிறது, நோட்டு ஒரே ஒரு பிரதிதான்.

இன்னொன்று. இவர்கள் புத்தகம் வாங்கவும் செய்கிறார்கள். நீடாமங்கலத்தாரைப் பற்றியோ பந்தநல்லூராரைப் பற்றியோ பழைய இசைவிழா மலர், கச்சேரி நோட்டீஸ், அரங்கேற்ற அழைப்பிதழ் எது வீட்டில் கிடந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இங்கே கொண்டுவாருங்கள். துண்டு நோட்டீஸாக இருந்தாலும் ஐயா வாங்கிக்கொள்கிறார்.