கணினிக் கடிகாரத்தைத் திருத்த: ஆர்டேட்டா, என்டிபிடியா, க்ரோனியா?

நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு கணினியிடம் மணி கேட்டு நம் கடிகாரத்தைத் திருத்தப் பல வழிகள் உண்டு. எது அதிகத் துல்லியம் என்பதைவிட, தப்பாக ஓடும் கடிகாரத்தை எது எப்படி நகர்த்துகிறது என்பதுதான் முக்கியம்.

இருப்பதில் பழையது ஆர்டேட் (rdate) என்ற நிரல். 37-ஆம் போர்ட்டில் கேட்டால், 1900 முதல் கடந்த நொடிகள் ஒரே எண்ணாக வரும். அந்த எண் வந்து சேர எடுத்த நேரத்துக்குக் கணக்கே கிடையாது. இன்று இது வேண்டாம்.

டேவிட் மில்ஸ் உருவாக்கி 1985-இல் வெளியான என்டிபி (NTP) என்ற நேரம் கேட்கும் நெறிமுறை அப்படியில்லை. கேள்வி புறப்பட்டது, அங்கே சேர்ந்தது, பதில் கிளம்பியது, இங்கே வந்தது என நான்கு நேரங்களையும் குறித்துக்கொண்டு பயணத் தாமதத்தைக் கழித்துவிடுகிறது.

என்டிபிடேட் (ntpdate) என்ற நிரல் இதே முறையில் ஒரு தடவை கேட்டுத் திருத்திவிட்டு ஒதுங்கிவிடும். வித்தியாசம் அரை நொடியைத் தாண்டினால் கடிகாரத்தைத் தடாலென்று நகர்த்தும். இதைக் கிரானில் (குறித்த நேரங்களில் நிரலைத் தானாக ஓட்டும் வசதி) போட்டு ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. கடிகாரம் பின்னால் குதித்தால், 10:42:07-க்கு வந்த கோரிக்கைக்கு 10:42:03-க்கே பதில் போனதாக லாகில் பதிவாகும். இப்போது மாற்றிய கோப்பைப் பழையது என்று எண்ணி, மாறிய கோப்புகளை மட்டும் கம்பைல் செய்யும் 'மேக்' (make) நிரல் கம்பைல் செய்யாமல் விட்டுவிடும்.

பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் என்டிபிடி (ntpd) நிதானமானது, சிறு பிழையைக் கடிகாரத்தின் வேகத்தை மாற்றியே சரிசெய்யும். ஆனால் அந்த வேக மாற்றத்துக்கு 500 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 500 பங்கு) உச்சவரம்பு. ஒரு நொடியை இப்படிக் கரைக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். வித்தியாசம் 1000 நொடியைத் தாண்டினால், வழக்கமான அமைப்பில் கைவிட்டு வெளியேறிவிடும்.

நான் பரிந்துரைப்பது க்ரோனி (chrony), இதுவும் என்டிபி முறையில் இயங்கும் நிரல்தான். அடிக்கடி அறுந்துபோகும் இணைப்பிலும் விர்ச்சுவல் மெஷினிலும் சீக்கிரம் சரியாகிவிடும். அதன் அமைப்புக் கோப்பில் 'மேக்ஸ்டெப் 1.0 3' (makestep 1.0 3) என்று எழுதினால், பிழை ஒரு நொடிக்கு மேல் இருக்கும்போது முதல் மூன்று திருத்தங்களில் மட்டும் குதிக்கும். அப்புறம் மெதுவான நகர்வுதான்.

சொந்த லேப்டாப் மட்டும்தான் என்றால் லினக்ஸில் உள்ள சிஸ்டம்டி டைம்சிங்க்டி (systemd-timesyncd) போதும். அது மற்றக் கணினிகளுக்கு நேரம் தராது.

இணையமே இல்லாத நெட்வொர்க்கா? ஒரு கணினியில் க்ரோனியை வைத்து, தன் கடிகாரத்தையே நம்பி நேரம் தரச் சொல்லும் 'லோக்கல் ஸ்ட்ராட்டம் 10' (local stratum 10) வரியும், உங்கள் முகவரி வரம்பில் உள்ளவர்கள் கேட்க அனுமதிக்கும் 'அலவ்' (allow) வரியும் சேருங்கள். அதனிடம் நேரம் கேட்கும்படி க்ரோனி அமைத்த மற்றக் கணினிகளில் 'க்ரோனிசி சோர்சஸ்' (chronyc sources) என்ற கட்டளை கொடுத்தால், சர்வர் பெயருக்கு முன் நட்சத்திரக் குறி வர வேண்டும். கேள்விக்குறியே நின்றால், முதலில் ஃபயர்வாலில் என்டிபி பயன்படுத்தும் யூடிபி 123 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.