சிப்பிப்பாறைக்கு எந்த பெல்ட், லேப்ரடாருக்கு எது?

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம், தெருமுனையில் யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள். எங்கள் சிப்பிப்பாறை நாய் மைனா முன்னே பாயவில்லை. பின்னங்கால்களை ஊன்றி, தலையைத் தாழ்த்தி, பின்னுக்கு இழுத்தாள். அடுத்த நொடி என் கையில் கயிறு இருந்தது, அதன் நுனியில் பெல்ட் இருந்தது, பக்கிள் போட்டது போட்டபடி இருந்தது. நாயைக் காணோம். ராத்திரி ஒன்பதரை மணிக்கு இரண்டு தெரு தள்ளி, நிறுத்தியிருந்த ஒரு லோடு ஆட்டோவுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தவளைத் தூக்கி வந்தோம்.

அறுந்து போயிருந்தால் பெல்டைக் குறை சொல்லலாம். அது அறுந்துபோகவில்லை. தளர்வாகவும் கட்டவில்லை. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பார்களே, அந்தக் கணக்குப்படிதான் கட்டியிருந்தேன். அதே கணக்கில்தான் எங்கள் லேப்ரடார் மணிக்கும் நாலு வருஷமாகக் கட்டுகிறேன், ஒரு தடவைகூடக் கழன்றதில்லை. மறுநாள் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேரையும் உட்கார வைத்து அளந்தேன்.

மணியின் கழுத்து 18 அங்குலம். காதுக்கு முன்னால், கன்னம் அகன்ற இடத்தில் தலையைச் சுற்றி அளந்தால் 21. மைனாவின் கழுத்து 13, தலை 14. இரண்டு விரல் இடைவெளி விட்டால் பட்டையின் சுற்றளவு ஓர் அங்குலமாவது கூடும். மணிக்கு அது 19 ஆகிறது, 21 அங்குலத் தலையைத் தாண்டி வர வழியே இல்லை. மைனாவுக்கு 14 ஆகிறது, தலையும் 14. காதை மடக்கிப் பின்னால் இழுத்தால் வளையல் மாதிரி கழன்று வந்துவிடும். இரண்டு துளை இறுக்கிக் கட்டினால் கழலாது, ஆனால் நாள் முழுக்கத் தொண்டையை அழுத்தும்.

ஆகவே எந்த பெல்ட் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் தலையையும் கழுத்தையும் அளந்து, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். சிப்பிப்பாறை, கன்னி, முதோள், இவற்றோடு கலந்த நாட்டு நாய்கள் எல்லாம் ஓடிப் பிடிக்கிற வேட்டை நாய்கள். நீண்ட கழுத்து, ஒடுங்கிய மண்டை, மெல்லிய தோல். லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் சொல்கிற யோசனையை இவற்றுக்கு அப்படியே சொல்லக் கூடாது.

மணி மாதிரி நாய்களுக்குச் சாதாரணத் தட்டைப் பட்டையே போதும். தோலா நைலானா என்பதுதான் அங்கே கேள்வி. நல்ல தோல் பட்டை ஒரு மாதத்தில் கழுத்தின் வளைவுக்குப் பழகிவிடும், விளிம்பு முடியை அறுக்காது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து ஈரம் காயாமலே இருந்தால் பூஞ்சணம் பூக்கும், பிறகு வெயிலில் காய்ந்து விறைத்துப் போகும். தேங்காய் எண்ணெய் தடவி வைத்துப் பார்த்தேன், அழுக்கு பிடித்து நாறியதுதான் மிச்சம். நைலான் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும், சோப்புப் போட்டுத் துவைக்கலாம். அதன் குறை விளிம்பில் இருக்கிறது. மலிவான நைலானின் வெட்டு விளிம்பை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் நாலு தடவை தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கு எரிந்தால் நாய்க்கும் எரியும். மழைக்காலமும் குளியலும் அதிகம் உள்ள வீட்டுக்கு நான் நைலானைத்தான் சொல்வேன். "கிளிக்" என்று மாட்டுகிற பிளாஸ்டிக் கொக்கியை மட்டும் இழுக்கிற பெரிய நாய்க்கு நம்பாதீர்கள். வெயிலில் கிடந்து கிடந்து ஒருநாள் பட்டென்று விட்டுவிடும். முள் வைத்த இரும்பு பக்கிள்தான் நிற்கும்.

மைனாவுக்கு வருகிறேன். அவளுக்கு என் முன்னால் இருந்தவை இரண்டு: இழுத்தால் ஓரளவு மட்டும் சுருங்குகிற மார்ட்டிங்கேல் பட்டை, கழுத்துக்குப் பதில் நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற ஹார்னஸ். நிறையப் பேர் யோசிக்காமல் ஹார்னஸுக்குப் போவார்கள், நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். கழுத்தில் பாரமே விழாது என்பது உண்மை. கழுத்துப் பட்டை மாட்டி நாய் இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது, ஹார்னஸில் அப்படி ஏறவில்லை என்று 2006-இல் ஓர் ஆய்வு வந்தது. பக் இன நாய் மாதிரி கண் வெளியே தள்ளிய, மூச்சுக்குத் திணறுகிற நாய்க்கு நான் ஹார்னஸ் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன். தொண்டைக் குழாய் பலவீனமாகி, வாத்து கத்துவது போல இருமுகிற பொமரேனியனுக்கும் அப்படியே.

சிப்பிப்பாறையின் உடம்பு வேறு மாதிரி. நெஞ்சு ஆழம், அதற்குப் பின்னால் வயிறு ஒட்டி உள்ளே போய்விடும். நெஞ்சுக்கு அளவெடுத்த ஹார்னஸ் இடுப்புப் பக்கம் லொடலொடவென்று நிற்கும். பயந்து பின்னுக்கு இழுத்தால் முன்னங்காலை மடக்கி அதிலிருந்தும் உருவிக்கொண்டு வந்துவிடும். மைனா வீட்டு வராந்தாவிலேயே இரண்டு முறை உருவிக் காட்டினாள். விலா எலும்புக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு பட்டை போகிற ஹார்னஸ் இருக்கிறது, அது நிற்கும். ஆனால் மதுரை வெயிலில் மூன்று பட்டையும் பஞ்சுத் துணியுமாக மாட்டிக்கொண்டு நடக்கிற நாயைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அக்குளில் உராய்ந்து முடி உதிர்ந்ததையும் பார்த்தேன்.

மார்ட்டிங்கேல் என்பது இரண்டு வளையம். பெரிய வளையம் கழுத்தைச் சுற்றி இருக்கும், அதன் இரு முனையையும் கோத்துக்கொண்டு சின்ன வளையம் ஒன்று இருக்கும், கயிறு அதில் மாட்டும். நாய் சும்மா நடக்கையில் பட்டை தளர்ந்து கிடக்கும். பின்னுக்கு இழுத்தால் சின்ன வளையம் பெரியதைச் சுருக்கும், நாம் வைத்த அளவோடு நின்றுவிடும். அந்த "நின்றுவிடும்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுருக்குச் சங்கிலிக்கு நிற்கிற இடமே கிடையாது, நாய் இழுக்க இழுக்க இறுகிக்கொண்டே போகும்.

அளவு வைக்கிற விதம் இது: தளர்ந்த நிலையில் தலை வழியாக நுழைய வேண்டும், மைனாவுக்கு அது பதினாலரை. பிறகு காதுக்குப் பின்னால் ஏற்றி வைத்துக் கயிற்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். பட்டை கழுத்தைத் தொட்டு நிற்கும்போது இரண்டு முனையின் இரும்பு வளையங்களும் ஒன்றையொன்று முட்டக் கூடாது, நடுவே இரண்டு விரல் இடைவெளி மிச்சம் வேண்டும். முட்டிவிட்டால் அதற்கு மேல் சுருங்காது, நாய் கழன்றுவிடும் என்று அர்த்தம்.

ராஜபாளையமும் முதோளும் 2005-இலேயே தபால்தலையில் வந்துவிட்டன. ஆனால் எங்கள் பக்கம் ஏறி இறங்கிய நாலு கடையில் இந்த ஊர் நாய்களின் கழுத்துக்கு ஒரு மார்ட்டிங்கேல் கிடைக்கவில்லை, அது எனக்கு நிஜமாகவே வருத்தம். ஆன்லைனில் வருபவை பெரும்பாலும் ஓர் அங்குல அகலம். இந்த மெல்லிய கழுத்துக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் இருந்தால்தான் பாரம் பரவும். கடைசியில் பை தைக்கிற அண்ணனிடம் ஸ்கூல் பைக்குப் போடுகிற இரண்டு அங்குலப் பருத்திப் பட்டையையும் மூன்று இரும்பு வளையங்களையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அண்ணே, நாய் முழு வேகத்துல இழுக்கும். தையல் தாங்கணும்."

"கட்டம் போட்டு நடுவுல பெருக்கல் மாதிரி குறுக்குத் தையல் ஓட்டித் தாரேன்மா. பட்டை கிழிஞ்சாலும் தையல் பிரியாது."

உள்பக்கம் ஒரு பழைய வேட்டித் துணியையும் மடித்துத் தைத்துக் கொடுத்தார். பத்து மாதமாக அதுதான் ஓடுகிறது. இந்தத் தீபாவளி சமயத்திலும் மைனா பின்னுக்கு இழுத்தாள். பட்டை காதுக்குக் கீழே வந்து நின்றது.

ஒன்றை மறக்கக் கூடாது. மார்ட்டிங்கேலை வெளியே போகும்போது மட்டுமே மாட்டுங்கள். வீட்டில் தனியாக விட்டால் சின்ன வளையம் கேட் கம்பியிலோ இன்னொரு நாயின் பல்லிலோ மாட்டி இறுகலாம். வீட்டில் போன் நம்பர் பொறித்த தகட்டோடு மெல்லிய தட்டைப் பட்டை போதும். ஒரு நாய்க்கு இரண்டு பட்டையா என்று என் மாமியார் கேட்டார். ஆமாம், இரண்டுதான்.

சங்கிலியைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. சுருக்குச் சங்கிலி, உள்பக்கம் முள் வைத்த பட்டை இரண்டையும் நான் எந்த நாய்க்கும் ஏற்கவில்லை. இழுக்கிற நாய்க்கு வலியைக் கொடுத்து நிறுத்துவதைவிட, நெஞ்சின் முன்பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ் மாட்டலாம். முன்னே பாய்ந்தால் உடம்பு பக்கவாட்டில் திரும்பி நம்மைப் பார்த்து நிற்கும். முதுகில் கொக்கி உள்ளதோ இன்னும் வசதியாக இழுக்கத்தான் உதவும், பனிச்சறுக்கு வண்டி இழுக்கிற நாய்களுக்குப் பாரம் அப்படித்தான் பின்னாலிருந்து பூட்டப்படுகிறது. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நியாயமில்லாத நேரம் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படியே குற்றம். இது பலருக்குத் தெரியாது.

உண்ணி மருந்துப் பட்டையும் கட்டுகிறீர்கள் என்றால் அதைத் தனியாக, தோலைத் தொடும்படி, அதே இரண்டு விரல் கணக்கில் கட்டுங்கள். மிச்ச நுனியை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கூட இருக்கிற நாய் கடித்து விழுங்கும்.

குட்டிகளுக்கு விலை உயர்ந்த பட்டை எதுவும் வேண்டாம். அரை அங்குல அகல நைலான் போதும், ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். தெருக் குட்டிக்குப் பாசத்தோடு யாரோ கட்டிய சணல் கயிறு, குட்டி வளர்ந்தும் கயிறு வளராமல் கழுத்துச் சதைக்குள் இறங்கிப்போனதை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். மேலே முடி மூடியிருந்தது, வாடை அடித்த பிறகுதான் தெரிந்தது. கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டுத்தான் கயிற்றை எடுத்தார். உங்கள் தெருவில் கழுத்தில் கயிறோடு ஒரு குட்டி திரிந்தால், பிஸ்கட் போடும்போது அப்படியே விரலை விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றால் அன்றைக்கே அறுத்துவிடுங்கள்.