எல்லா அல்பினோவும் ஒன்றல்ல: என் 2 மாதச் சம்பளம் போன கதை

நேற்றிரவு என் லெப்பர்ட் கெக்கோவின் (வீட்டில் வளர்க்கும் ஒரு பல்லி) கடைசி முட்டையும் பொரிந்தது. மெத்தென்ற ஓட்டைக் கிழித்துக்கொண்டு தலை நீட்டிய குட்டியின் முதுகில் கன்னங்கரேலென்று பட்டைகள். இது எட்டாவது. எட்டும் இப்படியே. அல்பினோ என்றால் உடலில் கறுப்பு நிறமே உருவாகாது, கறுப்புப் பட்டை இருந்தால் அது அல்பினோ இல்லை. ஆத்திரம் அடங்கவில்லை, அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

என்னிடம் ட்ரெம்பர் என்ற வகை அல்பினோ லெப்பர்ட் கெக்கோ பெண் ஒன்று இருக்கிறது. அதற்கு ஜோடியாக, இணையத்தில் ஊர்வன விற்கும் ஒருவரிடம் அல்பினோ ஆண் வாங்கினேன். விலை, என் 2 மாதச் சம்பளம். எந்த வகை அல்பினோ என்று கேட்காமல் வாங்கவில்லை. "உங்களுடையது ட்ரெம்பர்தானே? இதுவும் அதேதான். பிறப்பதெல்லாம் அல்பினோதான், நான் பொறுப்பு" என்றார். தாய் தகப்பன் படம்கூட அனுப்பினார். அந்த 'நான் பொறுப்பு' என்ற சொல்லை நம்பி அன்றே பணத்தைப் போட்டுவிட்டேன்.

லெப்பர்ட் கெக்கோவில் அல்பினோ 3 வகை: ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர். மூன்றும் ஒடுங்கு பண்புதான், அதாவது ஜீனின் இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் வெளியே தெரியும். ஆனால் மூன்றும் வெவ்வேறு ஜீன், ஒன்றோடொன்று சேர்ந்து அல்பினோ தராது. தாயும் தகப்பனும் ஒரே வகையாக இருந்தால் எல்லாக் குட்டியும் அல்பினோ. வகை மாறினால் ஒவ்வொரு ஜீனிலும் ஒரு நல்ல பிரதி வந்துவிடும். குட்டி சாதாரண நிறத்தில்தான் பிறக்கும். என் வீட்டில் நடந்தது அதுதான்.

முதல் 2 குட்டி வந்ததும் கேட்டேன். "அடுத்த முட்டை வரட்டும்" என்றார். வந்தது. "உங்கள் இன்குபேட்டர் சூடு சரியில்லை" என்றார். சூடு ஆணா பெண்ணா என்பதை மாற்றும், சூடு குறைந்தால் அல்பினோவின் பழுப்பு கொஞ்சம் கூடும். கறுப்பை எங்கிருந்து கொண்டுவரும்? அப்புறம், பெண் வேறு ஆணோடு சேர்ந்திருக்குமாம்! குட்டியிலிருந்து நான் வளர்த்தது, வேறு ஆணையே பார்த்ததில்லை. அதைச் சொன்னதும் என் எண்ணை முடக்கிவிட்டார். 2 மாதச் சம்பளம் அவரிடம், கலப்புக் குட்டிகள் என்னிடம். இவற்றை வெறும் ட்ரெம்பர் ஹெட் (அந்த ஜீனின் ஒரு பிரதியை மட்டும் மறைவாகச் சுமப்பது) என்று விற்க எனக்கு மனசு வராது.

வாங்கப்போகிறவர்களுக்கு அவசரமாக இரண்டு வார்த்தை. வகையின் பெயரை எழுத்தில் வாங்குங்கள். படத்தை நம்பாதீர்கள், அந்த ஜோடிக்கு முன்பு பிறந்த குட்டிகளின் பதிவைக் கேளுங்கள். '66% ஹெட்' என்பது வெறும் வாய்ப்புக் கணக்கு, அதற்கு முழு ஹெட் விலை கொடுக்காதீர்கள்.

அந்த ஆண் பெல் வகையா ரெயின்வாட்டர் வகையா என்றுகூட எனக்கு இன்னும் தெரியாது.