மரக்காலையில் 18,500 ரூபா போனது, யாழ்ப்பாணத்து ஆட்கள் கவனம்

இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. நேற்றுப் பின்னேரம் எங்கள் வளவில், என் மகனின் தலைக்கு ஒரு முழம் தள்ளி ஏழடி வேப்பஞ்சட்டம் பறந்துபோய்க் கிணற்றுக்கட்டில் அடித்தது.

பழைய காலத்தில் கோட்டைகளுக்குக் கல்லெறிந்த பொறியை நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தோம். கெற்றப்போல் மாதிரி ரப்பரில் இழுப்பது இல்லை. ஒன்பதடிச் சட்டம், அச்சுக்கு ஒருபக்கம் ஒன்றரை அடி, மற்றப்பக்கம் ஏழரை. கட்டைப் பக்கத்தில் தொங்கும் 40 கிலோ மண்மூட்டை விழ, நீளப் பக்கம் கவணோடு மேலெழும்பி வீசும். நாங்கள் எறிந்தது குரும்பட்டிதான். ஆனாலும் பாரம் முழுக்க அச்சடியில் இறங்கும் என்பதால் நல்ல மரம் தேடி டவுனில் ஒரு மரக்காலைக்குப் போனேன்.

அங்கிருந்த பெரியவர் தேத்தண்ணி எடுப்பித்துத் தந்தார். சட்டத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்கச் சொன்னார். "தம்பி, முழுக்க வைரம். என்ரை வீட்டு நிலைக்கும் இதுதான் போட்டனான்." வைரம் என்றால் மரத்தின் உறுதியான நடுப்பகுதி. அந்தச் சொல்லை நம்பினேன். சட்டமும் கால்மரங்களும் சேர்த்து 18,500 ரூபா. பில் கேட்டதற்கு, "நாங்கள் எங்கை ஓடப்போறம்?" என்றார். மரத்தில் கழிவு ஒயில் பூசியிருந்தது. கறையானுக்காம்.

ஏழாவது எறிதலில் அச்சடியில் முறிந்தது. முறிவுக்குள்ளிருந்து அரிசிமா போல உளுத்த தூள் கொட்டியது. மரத்தூளைப் பசையில் குழைத்து ஓட்டையில் அடைத்திருக்கிறார்கள். சுண்டுவிரல் அளவுக் கட்டி அப்படியே கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. வேம்பு உளுக்காது என்பது வைரத்துக்குத்தான். இது முக்கால்வாசி வெள்ளை, வைரத்தைச் சுற்றியிருக்கும் வெளிமரம். அந்த ஒயில் எதை மறைக்க என்று அப்போதுதான் விளங்கியது.

இன்று காலை முறிந்த மரத்துண்டோடு போனேன். பெரியவர் என்னைத் தெரியாதவர் போலப் பார்த்தார். "முதலாளி கொழும்புக்குப் போட்டார்." முதலாளிக்குப் போன் எடுத்தால், "மழையிலை விட்டிருப்பியள்." ஒரு துளி மழை பெய்யவில்லை! கடைசியில், "விளையாட்டுச் சாமானுக்கு வாங்கிப்போட்டு எங்களிலை பிழை பிடிக்கிறியளோ?" விளையாட்டுக்கென்றால் உளுத்த மரம் விற்கலாமா? இதையே ஒருவர் கூரைக்கு வாங்கியிருந்தால்?

18,500 ரூபா. நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு அழைக்கப் போகிறேன். கையில் பில் இல்லாததுதான் வயிற்றைப் பிசைகிறது.

மரம் வாங்கும் முறையை விவரமாக எழுத இருந்தேன், இப்போது மனம் வரவில்லை. ஒயில் பூசிய மரத்தை எடுக்காதீர்கள். முனையில் இரண்டு அங்குலம் உங்கள் கண்முன்னே அறுப்பித்துப் பாருங்கள். பில் தராவிட்டால் காசு கொடுக்காதீர்கள். அப்புறம், இப்படிப் பொறி செய்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், எறியும்போது முன்னாலும் நிற்க விடாதீர்கள், பின்னாலும் நிற்க விடாதீர்கள்.