கொல்லைக்கு எந்தப் பேன்டம்? கண்காட்சியில் வாங்குமுன் ஓர் ஒப்பீடு

2023 நவம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் கோழிக் கண்காட்சி. கூடம் முழுக்க வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகள், மரத்தூள் வாசனை, எந்த நேரமும் ஏதோ ஒரு சேவலின் கூவல். கடைசி வரிசை விற்பனைக்கு. அதில் ஒரு கூண்டில் மூன்று வெடைக்கோழிகள், வெள்ளி நிற வையன்டாட் இனத்துப் பேன்டம், அதாவது குட்டி உருவக் கோழி. ஒவ்வொரு இறகும் வெள்ளை, அதன் விளிம்பில் மைக்கோடு இழுத்தது போல் கறுப்பு. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் வையன்டாட்டுக்குக் கொண்டை தலையோடு படிந்த ரோஜாக் கொண்டையாக இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் அது நட்டக்குத்தாக, பல் பல்லாக நின்றது. எங்கள் திண்டுக்கல் பக்கம் சேவல் வளர்ப்பவர்கள் கொண்டையைப் பூ என்பார்கள். அந்தக் கணக்கில் இது கத்திப்பூ. நடுவர் பார்த்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார். விலை ஒன்றுக்கு 15 பவுண்டு. இரண்டு வரிசை தள்ளி, முதல் பரிசின் சிவப்பு அட்டை தொங்கிய அதே இனத்துப் பெட்டைக்கு 50 கேட்டார்கள்.

நான் கத்திப்பூ மூன்றையும் வாங்கினேன். இன்றுவரை என் கொல்லையில் நிறைய முட்டை இட்டவை அவைதான்.

வீட்டுக்கு வளர்க்கப் பேன்டம் வாங்கக் கண்காட்சிக்குப் போகிறவர் கையில் ஒரே ஒரு கேள்வி இருந்தால் போதும்: நடுவர் பிழை என்பது என் தோட்டத்துக்கும் பிழையா? பெரும்பாலும் இருக்காது. உங்களுக்கு உண்மையிலேயே தொல்லை தரக்கூடியவையோ, அதாவது சேற்றில் ஊறும் கால், வருடத்தில் பாதி நாள் அடைக்கு உட்காரும் குணம், நோய்க்கு இடங்கொடுக்கும் உடம்பு, இவையெல்லாம் நடுவரின் அட்டையில் எழுதப்படுவதே இல்லை. ஒவ்வொரு இனத்தையும் இந்தக் கண்ணோடுதான் இங்கே பார்க்கிறேன்.

பேன்டம் என்ற பெயர் ஜாவாவின் பான்டென் துறைமுகத்திலிருந்து வந்தது. இதில் இரண்டு வகை உண்டு. பெரிய உருவமே இல்லாமல், பிறப்பிலேயே சிறியவை ஒன்று: பிரிட்டனில் பெக்கின், செப்ரைட், டச்சு, ஜப்பானியக் கோழி எல்லாம் இந்தக் கணக்கு. பெரிய இனத்தைச் சிறிதாக்கி எடுத்தவை இன்னொன்று: வையன்டாட், சசெக்ஸ், ஆர்ப்பிங்டன் பேன்டம்கள். முட்டைதான் முக்கியம் என்றால் இரண்டாம் வகைப் பக்கம் முதலில் போங்கள். பெரிய கோழியின் முட்டையிடும் குணம் அவற்றில் ஓரளவு தங்கியிருக்கிறது.

வையன்டாட்டா, பெக்கினா

கண்காட்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் கடைசியில் இந்த இரண்டுக்கு நடுவில்தான் நின்று தவிப்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். இப்போது இரண்டும் என்னிடம் இருக்கின்றன.

வையன்டாட் பேன்டம் பெட்டை ஒன்றேகால் கிலோ அளவுக்கு வரும். பேன்டம் என்றாலும் கையில் எடுத்தால் கனம் தெரியும். என் சமையலறைத் தராசில் முட்டை 42 கிராமைச் சுற்றி நிற்கிறது. பிரிட்டிஷ் கடைகளில் சிறிய முட்டை என்று விற்பதே 53 கிராமுக்குக் கீழ் என்பதால், ஆம்லெட்டுக்கு ஒன்று கூடுதலாக உடைக்க வேண்டும். வசந்தத்தில் வாரத்துக்கு நான்கு இடும். டிசம்பரில் இங்கே பகல் எட்டு மணி நேரத்துக்குள் சுருங்கிவிடும்போது அடியோடு நின்றுவிடும். நவம்பரில் வாங்கிய வெடைக்கோழி பிப்ரவரி வரை வெறுமனே தின்னும். அதை எதிர்பார்த்தே வாங்க வேண்டும்.

சரி, கத்திப்பூ எப்படி வந்தது? கலப்படம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரோஜாக் கொண்டைக்கான மரபணு அம்மா வழியும் அப்பா வழியும் வந்து இரட்டையாகச் சேர்ந்த சேவலுக்குக் கருவூட்டும் திறன் குறைவு. ஒற்றையாகச் சுமக்கும் சேவல்களே அதிகக் குஞ்சு பொரிக்கச் செய்யும். அதனால் எவ்வளவு சுத்தமான வம்சமாக இருந்தாலும், சில குஞ்சுகளுக்குக் கத்திப்பூ வந்துகொண்டே இருக்கும். வளர்ப்பவர் அவற்றைப் பரிசுக்கு அனுப்ப முடியாது, ஆனால் ரத்தம் அதே ரத்தம். இதில் உங்களுக்கு ஒரே ஒரு குறை: கடும் பனி நாளில் நிமிர்ந்த கொண்டையின் நுனி கருகக்கூடும், படிந்த கொண்டைக்கு அந்தப் பயம் குறைவு. லெஸ்டர் குளிருக்கு என் கோழிகள் இரண்டு பனிக்காலத்தைச் சேதமில்லாமல் கடந்தன. ஸ்காட்லாந்தின் மலைப்பக்கம் இருப்பவர் கொஞ்சம் யோசிக்கலாம். குஞ்சு எடுத்துப் போட்டிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தாலும் கத்திப்பூ வேண்டாம்.

பெக்கின் முற்றிலும் வேறு சாதி. அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடை, உருண்டைப் பந்து, பாதம் மறையும் அளவுக்கு இறகு. 1860-இல் பீக்கிங் கோடைக்கால அரண்மனையை ஆங்கிலேயப் படை சூறையாடியபோது அங்கிருந்து கொண்டுவந்த கோழிகள் என்று ஒரு கதையை வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். என் மகள் மடியில் உட்கார்ந்து தூங்குகிற கோழி இது ஒன்றுதான். காட்டுக் கோழிக்கு இருக்கும் அந்த மிரட்சி இதற்குக் கிடையாது. வீடியோவில் முதல் தடவை பார்த்த அம்மா, “என்னடா இது, கோழி கால்ல சாக்ஸ் போட்டிருக்கு?” என்று கேட்டார்.

அந்த சாக்ஸில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் தோட்டம் களிமண். அக்டோபர் மழைக்குப் பின் ஒரு நாள் பெக்கின் ஒன்று நொண்டியது. தூக்கிப் பார்த்தால், விரல்களுக்கு நடுவே இறகோடு சேர்ந்து மண் உருண்டு, காய்ந்து, புளியங்கொட்டை அளவில் கல்லாக இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்து, அரை மணி நேரம் விரலால் கரைத்துக் கரைத்து எடுத்தேன். இழுத்துப் பிடுங்கினால் இறகோடு ரத்தம் வரும். அதன் பிறகு பெக்கினுக்குக் கூரை போட்ட முற்றம், தரையில் மரச்சீவல். மழைக்காலத்தில் புல்வெளிக்கு விடுவதில்லை. இன்னொன்று, கால் செதில் பூச்சி. செதிலுக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கிவிடும். இறகு மூடியிருப்பதால் முற்றிய பிறகுதான் கண்ணில் படும். கண்காட்சியில் இறகை விரலால் விலக்கிச் செதில் வழவழப்பாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்காமல் பெக்கின் வாங்கவே கூடாது.

நடுவர் பெக்கினில் நடுவிரல் நுனி வரைக்கும் இறகு கேட்பார். நடுவிரல் மொட்டையாக இருந்தால் மதிப்பெண் போய்விடும், விலையும் இறங்கும். களிமண் கொல்லைக்காரருக்கு அதைவிட நல்ல கோழி எது?

முட்டையில் பெக்கின் வையன்டாட்டுக்குப் பக்கத்தில் வராது. 35 கிராம் முட்டை, பதினைந்து இருபது இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். தூக்கி வெளியே விட்டால் திரும்பப் போய் உட்காரும். இதையே வரமாகப் பார்க்கிறவர்களும் உண்டு. கருவுற்ற முட்டை நான்கைந்தை வாங்கி அடியில் வைத்தால் 21 நாளில் குஞ்சு பொரித்து, தாயாக நின்று வளர்த்துத் தரும். இன்குபேட்டரும் வேண்டாம், விளக்கும் வேண்டாம்.

ஆகவே முட்டைக்கு வையன்டாட். குழந்தைக்கும் குஞ்சுக்கும் பெக்கின், ஆனால் கூரை போட்ட உலர்ந்த இடம் இருந்தால் மட்டும். இரண்டையும் சேர்த்து வைப்பதாக இருந்தால், வையன்டாட் எடையில் ஏறக்குறைய இரட்டிப்பு என்பதை நினைவில் வையுங்கள். என்னிடம் தீவனத் தொட்டி இரண்டு இருக்கின்றன. ஒன்றே ஒன்று இருந்தபோது பெக்கின்கள் மெலிந்தன.

செப்ரைட்

இதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் கனக்கிறது. சர் ஜான் செப்ரைட் (1767–1846) பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம். பொன்னிலோ வெள்ளியிலோ ஒவ்வொரு இறகுக்கும் கறுப்பு விளிம்பு, உடம்பு அரை கிலோதான். சேவலுக்கும் பெட்டையின் இறகே இருக்கும், வளைந்த வால் இறகு கிடையாது. கூண்டில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும்போது நகைக்கடைப் பொருள் போல இருக்கும். நான் முதல் தடவை கண்காட்சிக்குப் போனபோது வாங்கியது வெள்ளிச் செப்ரைட் ஜோடி ஒன்றைத்தான்.

ஐந்தாவது வாரம் பெட்டை ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டி விழுந்து கிடந்தது. மாரெக் நோய். ஹெர்பீஸ் வகை வைரஸ், நரம்பைத் தாக்கும், மருந்து இல்லை. குஞ்சு பொரித்த முதல் நாளே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். நான் விற்றவரிடம் அதைக் கேட்கவே இல்லை, அவரும் சொல்லவில்லை. இடம் மாற்றும் அலைச்சலில் உள்ளே பதுங்கியிருந்த நோய் கிளம்பிவிடும் என்று பிறகுதான் புரிந்தது. இந்த நோய்க்குச் செப்ரைட் எளிதில் ஆளாகும் என்பது வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. முட்டையும் குறைவு, குஞ்சு பொரிப்பதும் குறைவு. முதல் முறை வாங்குகிறவருக்கு நான் செப்ரைட்டைச் சொல்ல மாட்டேன். கோழி வளர்த்துக் கை பழகியவர், தடுப்பூசி போட்டதாக வாய்விட்டுச் சொல்லும் வளர்ப்பவரிடம் மட்டும் வாங்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில்க்கியின் கறுத்த தோலைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்களுக்குக் கடக்நாத் ஞாபகம் வரும், குணம் தங்கம். ஆனால் அதன் இறகு பஞ்சு, மழையில் தொப்பலாக நனைந்து நடுங்கும். தலை இறகு கண்ணை மறைத்தால் எதிரே வருவதே தெரியாது. ஐந்து விரல் இருக்க வேண்டிய காலில் நான்கு இருந்தால் போட்டியில் மதிப்பில்லை, உங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. டச்சு பேன்டம் உடம்புக்கு மீறி முட்டையிடும், நான் அதை மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஆறடி வேலி அதற்கு ஒரு படிக்கட்டு. மேலே வலை போட முடியும் என்றால் வாங்குங்கள். குட்டைக்கால் ஜப்பானியக் கோழியை வீட்டுக்கு வேண்டாம் என்பேன். அந்தக் குட்டைக்கால் மரபணு இரட்டையாகச் சேர்ந்தால் கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். குட்டைக்கால் ஜோடி சேர்த்தால் நான்கில் ஒரு கரு அப்படிப் போகும். அதை ஏற்றுக்கொண்டு வளர்க்க என்னால் முடியவில்லை.

கண்காட்சியிலா, வளர்ப்பவர் வீட்டிலா

வளர்ப்பவர் வீட்டில் வாங்கினால் தாய் தந்தையைப் பார்க்கலாம், கூட்டின் சுத்தம் தெரியும், நோய் தொற்றும் வாய்ப்பு குறைவு. கண்காட்சியில் நூற்றுக்கணக்கான கோழிகள் ஒரே கூரைக்குள் மூச்சு விடுகின்றன. அப்புறம், குளிப்பாட்டி, கொண்டையில் வாசலின் தடவி வைத்திருப்பதால் சோர்ந்த கோழியும் பளபளக்கும். இருந்தாலும் கண்காட்சியில் ஒரு பெரிய லாபம்: ஒரே நாளில் இத்தனை இனத்தையும் அருகருகே பார்த்து, ஒவ்வொன்றையும் பத்து வருடம் வளர்த்தவரிடம் பேசலாம். பல ஆண்டுகள் நவம்பரில் டெல்ஃபோர்டில் நடந்த தேசியக் கண்காட்சி போன்ற பெரியவற்றில் இனம் அதிகம், ஆனால் பேச நேரம் கிடைக்காது. சின்ன ஊர்க் கண்காட்சியில் மத்தியானத்துக்கு மேல், நடுவர் முடித்துப் போன பிறகு, தேநீரோடு உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவார்கள். குளிர்காலத் தீவனச் செலவைக் குறைக்க, மிஞ்சிய வெடைக்கோழிகளைக் கொடுத்துவிடும் நேரமும் அதுதான்.

விற்பவரிடம் கேட்டுவிட்டுக் கோழியைக் கையில் எடுங்கள். மார்பெலும்பு கத்திபோல் துருத்தினால் வேண்டாம். கண்ணோரம் நுரை, மூக்கில் ஈரம், தும்மல் இருந்தால் அந்தக் கூண்டு மட்டுமில்லை, பக்கத்துக் கூண்டும் வேண்டாம். வால் அடியில் இறகை ஊதி விலக்கினால் பேன் இருக்கிறதா என்று தெரியும். காலில் மூடிய வளையம் இருந்தால் அதில் வருடம் இருக்கும். குஞ்சாக இருக்கும்போதே போட வேண்டிய வளையம் என்பதால் வயதில் ஏமாற்ற முடியாது. வளையம் இல்லாததும் நல்ல கோழியாக இருக்கலாம், அப்போது காலின் வழவழப்பைப் பாருங்கள். ஒரு சேவலும் இரண்டு பெட்டையுமாக மூன்றைச் சேர்த்தே விற்கப் பார்ப்பார்கள். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, விடியற்காலை நான்கு மணிக்கு அது கூவினால் பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்குப் போவார். பெட்டை மட்டும் கேளுங்கள். ஒற்றைக் கோழியை மட்டும் வாங்கிப் பழைய கூட்டத்துக்குள் விடாதீர்கள், பழையவை அதைக் கொத்தியே ஒதுக்கிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரம் தனிக் கூண்டு, தனித் தண்ணீர்த் தொட்டி. பழைய கோழிகளைக் கவனித்த பிறகே புதியவற்றிடம் போக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 1 முதல், கொல்லையில் ஒரே ஒரு கோழி இருந்தாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். பறவைக் காய்ச்சல் தீவிரமான குளிர்காலங்களில் கண்காட்சிகளே நிறுத்தப்படும். கோழிகளை உள்ளேயே அடைத்து வைக்கும் உத்தரவும் வரும். அதனால் கூரை போட்ட முற்றம் பெக்கினுக்கு மட்டுமான வசதி இல்லை. நம் ஆட்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீந்த சோற்றையும் காய்கறித் தோலையும் கோழிக்குப் போடுவது நமக்குப் பழக்கம். இங்கே அது சட்டப்படி குற்றம். இறைச்சி, பால், முட்டை எதுவுமே நுழையாத முழு வீகன் சமையலறை இல்லையென்றால் அடுப்படியிலிருந்து எதுவும் போகக்கூடாது. தோட்டத்தில் பறித்த கீரையை வீட்டுக்குள் கொண்டுவராமல் நேராகப் போடலாம். என் கொல்லையில் பாலக்கீரைக்கு என்றே ஒரு பாத்தி இருக்கிறது.

அடுத்த கண்காட்சிக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி இரண்டு தயாராக இருக்கிறது. மகள் பழுப்புப் பெக்கின் கேட்டிருக்கிறாள். நடுவிரல் மொட்டையானது கிடைக்குமா என்று கடைசி வரிசையிலிருந்து தேட ஆரம்பிப்பேன்.