கொலு வீடும் எங்கள் நாட்டிய வகுப்பும்: ஏழு ஆண்டு அனுபவம்

மயிலாடுதுறையில், வீட்டு மாடியில் பரதநாட்டிய வகுப்பு தொடங்கி ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. 2018-ல் ஆறு குழந்தைகள். அப்போது ஆயிரம் துண்டறிக்கை அடித்து, செய்தித்தாளுக்குள் வைத்துக் கொடுக்கச் சொன்னேன். இரண்டு பேர் போனில் விசாரித்தார்கள், ஒருவரும் சேரவில்லை. அதன் பிறகு விளம்பரத்துக்கென்று பெரிதாகப் பணம் போடவில்லை. ஊரில் வருகிற பண்டிகைகளை நம்பித்தான் வகுப்பை வளர்த்தேன். எது கைகொடுத்தது, எது கைவிட்டது என்று சொன்னால் புதிதாக வகுப்பு ஆரம்பிப்பவர்களுக்கு உதவும்.

டெல்டாக்காரி என்பதால் இப்படிச் சொல்கிறேன்: எங்கள் தொழிலுக்கு நவராத்திரிதான் நாற்றங்கால், விஜயதசமிதான் நடவு.

இரண்டாம் ஆண்டு ஒரு மாணவியின் அம்மா, "வெத்தல பாக்கு வாங்கிக்க வாங்க மிஸ், குழந்தைகளையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று கொலுவுக்கு அழைத்தார். நான்கு பேரை அழைத்துப் போனேன். பாவாடை சட்டை, காலில் சலங்கை, அவ்வளவுதான். மேக்கப் இல்லை. கொலுப்படிக்கு முன்னால் கோலம் போக மிஞ்சிய இடம் ஒரு பாய் விரிக்கிற அளவு. நான் தரையில் உட்கார்ந்து தட்டுக்கழியைத் தட்டி "தை யா தை" என்று சொல்லச் சொல்ல, பிள்ளைகள் ஆரம்பப் பாடங்களான தட்டடவும் நாட்டடவும் ஆடினார்கள். சுவரோரம் பாட்டி மடியில் இருந்த ஒரு சிறுமி, சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, முழங்காலைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி உட்காரும் அரைமண்டி போட்டாள். குதிகால் ஒட்டவில்லை, முதுகு வளைந்திருந்தது. ஆனால் கண் முழுக்க எங்கள் பிள்ளைகளின் காலிலேயே இருந்தது. அந்த விஜயதசமியன்று வெற்றிலை பாக்கு, பழத் தட்டோடு முதலில் வந்தது அந்தப் பாட்டிதான்.

அந்த வருடம் நான்கு கொலு வீடுகளுக்குப் போனோம், ஒன்பது பேர் சேர்ந்தார்கள். அந்த உற்சாகத்தில் பின்னொரு வருடம் ஒரு தப்பு செய்தேன். பெரிய மாணவிகளை முழு அலங்காரத்தோடு அழைத்துப் போய், நீளமும் கடினமுமான உருப்படியான வர்ணத்தில் ஒரு பகுதியை ஆடவைத்தேன். எல்லோரும் அசந்துபோனார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு, "எங்க பொண்ணுக்கு இதெல்லாம் வராது மிஸ்" என்றார்கள். அந்த முறை சேர்ந்தது இரண்டே பேர். நேற்றுவரை தெருவில் ஓடிப்பிடித்து விளையாடிய பக்கத்து வீட்டுக் குழந்தை இன்று தாளம் தப்பாமல் கால் தட்டுகிறதே என்று பார்க்கும்போதுதான் தாய்மாருக்கு ஆசை வருகிறது. அப்போதிலிருந்து கொலுவுக்கு ஓராண்டு கற்ற பிள்ளைகளை மட்டுமே அழைத்துப் போகிறேன். இன்னொன்று, கூடத்தில் உட்கார்ந்து பேசும்போது ஃபீஸ் எவ்வளவு, பரீட்சை நேரத்தில் லீவு உண்டா, சலங்கை எப்போது வாங்க வேண்டும் என்று கூச்சமில்லாமல் கேட்கிறார்கள். மேடைக்கு வந்து இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

நாள் கணக்கையும் பார்க்க வேண்டும். 2023-ல் விஜயதசமி அக்டோபர் 24, பள்ளி நடந்துகொண்டிருந்த சமயம், எல்லோரும் ஊரில் இருந்தார்கள். 2025-ல் அது அக்டோபர் 2, காலாண்டு விடுமுறைக்கு நடுவில் வந்தது. பாதிப் பேர் தாத்தா பாட்டி ஊருக்குப் போய்விட்டார்கள். வருவதாகச் சொன்னவர்களுக்கு முன்கூட்டியே போன் செய்து, "பள்ளி திறந்த பிறகு வரும் ஒரு நல்ல நாளில் ஆரம்பிக்கலாம்" என்று சொல்லி வைத்ததால் தப்பித்தேன். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த ஆர்வம் தீபாவளி வேலைகளில் கரைந்துபோயிருக்கும்.

அடுத்து சிவராத்திரி. சிவராத்திரியையொட்டி ஈசனுக்கு நாட்டியத்தைக் காணிக்கையாக்கும் விழா நாட்டியாஞ்சலி. சிதம்பரத்தில் 1981-ல் தொடங்கிய அதைப் பார்த்துப் பல ஊர்களில் தொடங்கினார்கள், எங்கள் மாயூரநாதர் கோயிலிலும் நடக்கிறது. அம்பாள் மயிலாக வந்து பூசித்ததாகவும், ஈசன் மயூர தாண்டவம் ஆடியதாகவும் சொல்லும் தலம் இது. அங்கே ஆடுவதை நான் விளம்பரமாக நினைத்ததே இல்லை, கோயிலுக்குள் துண்டறிக்கையும் கொடுப்பதில்லை. புதுச் சேர்க்கை என்று பார்த்தால் சிவராத்திரியால் எனக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்திவிட நினைக்கும் பிள்ளைகளை இழுத்துப் பிடிப்பது இந்த மேடைதான். "இந்த சிவராத்திரிக்கு ஆடிட்டு நிறுத்திக்கறேன் மிஸ்" என்று சொன்ன இரண்டு பேர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு கசப்பும் உண்டு. வேறு ஊரில் ஒரு விழாவில் இரவு ஒன்பது மணி என்று சொல்லிவிட்டு, எங்களை மேடையேற்றியபோது பன்னிரண்டரை. எட்டு வயதுக் குழந்தை ஒன்று ராக்கொடி, நெற்றிச்சுட்டியோடு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. டிரஸ் வாடகை, மேக்கப், வேன் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் மூவாயிரத்துக்கு மேல் ஆனது. அடுத்த மாதமே இரண்டு பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இப்போதெல்லாம் நேரத்தை எழுத்தில் வாங்காமல் சம்மதிப்பதில்லை. பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை இரவு எட்டரைக்கு மேல் ஆடவிடுவதும் இல்லை.

பொங்கலுக்குக் குடியிருப்பு விழாக்களில் சினிமாப் பாட்டுக்கு ஆடச் சொல்லிக் கேட்பார்கள். மறுத்துவிட்டுக் கும்மியும் கோலாட்டமும் வைத்தேன். இது நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனது. பானை பொங்கியதும் எங்கள் பிள்ளைகள் கும்மியைத் தொடங்க, மூன்றாவது சுற்றில் அம்மாக்களும் வட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அதிலிருந்து பெரியவர்களுக்கான சனிக்கிழமை வகுப்பு ஒன்று உருவானது. இப்போது அதில் ஏழு பேர், மூத்தவருக்கு 58 வயது.

ஐப்பசிக் கடைசி நாளான கடைமுழுக்கு அன்று, எங்கள் ஊர்க் காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்தில் கூட்டம் அலைமோதுமே என்று ஒரு வருடம் அங்கே நின்று நோட்டீஸ் கொடுத்தோம். காவிரியில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு வருகிறவர் கையில் தாள் எப்படி நிற்கும்? அதோடு பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். மறுபடி முயலவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் ஆண்டு மூன்று கொலு வீடுகளுக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம், குழந்தைகள் களைத்துப்போவார்கள். வீட்டுக்காரரிடம் பணம் கேட்காதீர்கள், தாம்பூலம் போதும். டைல்ஸ் தரை வழுக்கும், போனதும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். குழந்தைகளின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கும் முன் ஒவ்வொரு பெற்றோரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.